கார்டு மாற்றியதும் கணினி அணைகிறதா? குறி பார்த்து எஸ்எம்பிஎஸ் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

ஈரோட்டில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோவாக இருந்தாலும், திருப்பூரில் பனியன் டிசைன் போடும் அலுவலகமாக இருந்தாலும், கணினியை மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பழைய கேபினெட்டில் செருகுவதாகவே முடிந்துவிடுகிறது. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி அந்தக் கார்டுக்குக் கொடுக்க வேண்டிய பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கோளாறு வந்த பிறகுதான் பேச்சு எழுகிறது. கோளாறு எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, எந்த வடிவில் வருகிறது என்பதைக் கவனித்தால், குறை எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்டிலா, கேபிளிலா, சுவரிலிருந்து வரும் கரண்டிலா என்பதைப் பெரும்பாலும் கருவிகள் அதிகம் இல்லாமலேயே பிரித்தறிய முடியும். பிரித்தறியாமல் நேராகக் கடைக்குப் போகிறவர்கள் பெரிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி வந்து, அதே கோளாற்றை அதிலும் பார்க்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே போனதும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாக மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும். இங்கே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் பெட்டிக்கு வெளியிலேயே செய்யக்கூடியவை.

எல்லாக் குறிகளுக்கும் முன்: லேபிளும் கணக்கும்

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பக்கத்தில் கட்டம் போட்ட லேபிள் தெரியும். முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 450, 500 என்ற எண்ணை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். லேபிளில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்களும் ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் அளவும் இருக்கும். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே 12 வோல்ட் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கி வருவதுதான் நமக்குப் பயன்படும் வாட். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட். முகப்பில் 450 என்று இருந்தாலும் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கப்போவது அந்த 192தான். ஒழுங்காகச் செய்யப்பட்ட 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் அளவில் இருக்கும். கேபினெட்டோடு சேர்த்து இலவசம்போல் தரப்படும் எஸ்எம்பிஎஸ்களில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருப்பதைப் பார்க்கலாம். 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் அவற்றை அப்படியே கூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்த உச்ச அளவு கீழே வாட்டில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும், அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட்டின் ஆம்பியரையே சொல்லாத லேபிள் என்றால், என்னைக் கேட்டால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தேவையின் கணக்கு. பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று இருப்பதை அப்படியே நம்பிக் கூட்டுவது பலர் செய்யும் தவறு. இன்டெல் கோர் ஐ5-12400 அடிப்படையில் 65 வாட் எடுத்தாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஐ7-13700கே 125 வாட்டிலிருந்து 253 வாட் வரை ஏறும். ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்களில், ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் 105 வாட் ரைசன் 142 வாட் வரையும், ஏஎம்5 சாக்கெட்டின் 170 வாட் ரைசன் 230 வாட் வரையும் எடுக்க அனுமதி பெற்றவை. கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200, ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 முதல் 60 வாட் வைத்துக்கொள்ளலாம். ஸ்டூடியோக்களில் பழைய படங்களைச் சேர்த்து வைக்க மூன்று நான்கு ஹார்டு டிஸ்க் மாட்டியிருப்பார்கள். அவை ஓடும்போது ஒவ்வொன்றும் 10 வாட்டுக்குள்தான் எடுக்கும் என்றாலும், சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐ5-12400, ஆர்டிஎக்ஸ் 3060, இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட ஓர் ஆல்பம் கணினிக்கு 117, 170, 60 என்று கூட்டினால் 347 வாட் வருகிறது. இதை 1.4ஆல் பெருக்கினால் 486. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 550. என்விடியா நிறுவனமும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 550 வாட் என்றுதான் பரிந்துரைக்கிறது. ஏன் 1.4 என்பது அடுத்த குறியில் விளங்கும்.

குறி: கேம் ஆடும்போதோ ரெண்டர் போடும்போதோ ஒரே நொடியில் அணைந்துவிடுகிறது

வாட் குறைவின் தெளிவான குறி இதுவே. இணையம் பார்க்கும்போதும் பில் போடும்போதும் நாள் முழுக்க ஓடும் கணினி, திருத்திய வீடியோவை முழுக் கோப்பாக்கும் ரெண்டர் வேலையைத் தொடங்கியதும் எச்சரிக்கை எதுவும் இல்லாமல், நீலத் திரைகூட வராமல், சுவிட்சை அணைத்தது மாதிரி நின்றுவிடும். கார்டு சும்மா இருக்கும்போது 15, 20 வாட்டில் காலம் தள்ளுவதும் வேலை வந்ததும் முழு அளவுக்குத் தாவுவதும்தான் இதற்குக் காரணம்.

நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நின்றதும் தானாகவே திரும்ப எழுந்துவிட்டால், 12 வோல்ட் ஒரு கணம் சரிந்து, மதர்போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் அனுப்பும் ‘மின்சாரம் சரியாக உள்ளது’ என்ற சைகை அறுந்து, கணினி ரீசெட் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம். நின்றது நின்றபடியே கிடந்து, முன்பக்கப் பட்டனை அழுத்தினாலும் அசையாமல், பின்பக்கச் சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால்தான் எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்து பூட்டிக்கொண்டது என்று பொருள். இரண்டாவது வகை எரிச்சலூட்டினாலும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் அடையாளம். மட்டமானவை பூட்டிக்கொள்ளாமல் எரிந்துபோகும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியைத் திறந்தால், கணினி நின்ற நேரத்துக்கு நேராக ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். முறையாக அணைக்காமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று அது சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்வது சரியல்ல. அந்தப் பதிவின் விவரத்தில் ‘பக்செக்கோட்’ 0 என்று இருந்தால் மென்பொருள் விழுவதற்கே நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். வேறு எண் இருந்தால் டிரைவர், ராம் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். பிராசசரின் சூடும் இதே குறியைக் காட்டக்கூடும் என்பதால், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, நிற்பதற்கு முன் சூடு 100 டிகிரியைத் தொட்டதா என்று பார்ப்பது அவசியம். 65, 70 டிகிரியில் இருக்கும்போதே நின்றுவிட்டால் சூட்டின் மேல் பழி போட முடியாது.

இதற்குக் காசு செலவில்லாத உறுதியான சோதனை ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலில் ‘பவர் லிமிட்’ என்ற கம்பியை 100இலிருந்து 70க்கு இறக்குங்கள். 170 வாட் கார்டு இப்போது 120 வாட் அளவோடு நிறுத்திக்கொள்ளும். முன்பு எந்த வேலையில் நின்றதோ அதே வேலையை, அதே கோப்பைக் கொண்டு, மறுபடியும் ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை என்றால் குறை மின்சாரத்தின் பக்கம்தான். புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கும்வரை வேலையை நிறுத்தாமல் ஓட்டவும் இதே வழி உதவும்; ரெண்டர் நேரம் சிறிது கூடுமே தவிரப் பெரிய இழப்பு இராது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் நேரடியாகப் பார்க்கலாம். பயன்படுத்தாமல் தொங்கும் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும், மஞ்சள் ஒயரில் சிவப்பு முனையையும் வைத்து, 20 வோல்ட் நேர்மின் அளவில் மீட்டரைத் திருப்பி வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.1 என்று காட்டும் மீட்டர், ரெண்டர் தொடங்கியதும் 11.9, 11.8 என்று இறங்கி நின்றால் கவலையில்லை. கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ்படி 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது, அதாவது 11.4 முதல் 12.6 வரை. 11.4க்குக் கீழே போய்த் தடுமாறினால் அந்த எஸ்எம்பிஎஸ் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. மதர்போர்டின் சென்சாரைப் படித்துத் திரையில் காட்டும் நிரல்களின் வோல்ட் அளவு பல போர்டுகளில் துல்லியமாக இருப்பதில்லை என்பதால், மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டியும் அணைகிறதே என்று சிலர் குழம்புவார்கள். மீட்டர் ஒரு நொடியில் சில முறைதான் அளக்கிறது. கார்டுகளின் மின்னிழுப்போ மில்லி நொடிக்குள் எகிறி இறங்குவது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வகைக் கார்டுகள் சராசரியில் சொன்ன வாட்டுக்குள் இருந்தாலும், கண நேரத்தில் அதைவிட வெகுவாக மேலே எகிறுவது அவை வெளிவந்த காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் போதுமான வாட் உள்ள எஸ்எம்பிஎஸ்களும் அந்த எகிறலைக் கண்டு பூட்டிக்கொண்டன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, புதிய வகைக் கார்டு கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோ நொடி வரை தாங்க வேண்டும் என்று வரையறுத்தது. 1.4ஆல் பெருக்கச் சொன்னது இந்த எகிறலுக்கும், கெப்பாசிட்டர்கள் ஆண்டுக் கணக்கில் தேய்வதற்கும் இடம் விடுவதற்காக. 300 வாட்டுக்கு மேற்பட்ட கார்டு என்றால் 1.5 என்று வைத்துக்கொள்வது நல்லது.

குறி: திரை மட்டும் கறுத்துவிடுகிறது, பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது

மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று காட்ட, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைய, ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் தொடர்ந்தால், கணினி விழவில்லை, கார்டு மட்டும் விழுந்திருக்கிறது. இங்கே வாட்டைவிடக் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும்; ஆறு முனைக் கனெக்டர் 75 வாட், எட்டு முனைக் கனெக்டர் 150 வாட். இரண்டு எட்டு முனைகள் கேட்கும் கார்டுக்கு, ஒரே ஒயரின் நுனியில் இரட்டையாகப் பிரியும் கேபிளை மாட்டினால் இரண்டின் சுமையும் ஒரே ஒயரில் ஏறும். 200 வாட்டுக்கு மேற்பட்ட கார்டு எதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள்களை இழுத்து மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் இதனாலேயே கறுத்த திரை சரியாகிவிடுவது உண்டு.

ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா கனெக்டரிலிருந்து ஆறு அல்லது எட்டு முனைக்கு மாற்றித் தரும் சிறு அடாப்டர்களை வாங்கவே கூடாது. சாட்டா மின்கனெக்டரின் 12 வோல்ட் முனைகள் மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். அதன் மேல் 75 வாட்டோ 150 வாட்டோ ஏற்றினால் பிளாஸ்டிக் உருகத்தான் செய்யும். ‘கேபிள் இல்லீங்க, இந்தக் கன்வெர்ட்டர் போட்டுக்குங்க, ஓடுமுங்க’ என்று கடையில் சொல்வார்கள். ஓடவும் செய்யும், சில வாரங்களுக்கு. கார்டு கேட்கும் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இல்லை என்பது, அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அதைச் செய்தவரே சொல்வதாகும்.

புதிய பெரிய கார்டுகளில் வரும் பதினாறு முனைக் கனெக்டர் 600 வாட் வரை கடத்தும் என்பதால் அது முழுமையாக உள்ளே போயிருக்க வேண்டும்; ஓரத்தில் இடைவெளி சிறிதும் தெரியக் கூடாது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்தக் கனெக்டர் உருகிய செய்திகள் வந்தபோது, அரைகுறையாகச் செருகியதும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. கனெக்டரை ஒட்டியே ஒயரை மடக்காமல், இரண்டு விரல் அகலமாவது நேராக விட்டு வளைக்க வேண்டும். பக்கத் தகடு ஒயரை அழுத்துகிறது என்றால் கேபினெட் அந்தக் கார்டுக்குச் சிறியது.

குறி: விசிறி சுற்றுகிறது, ஆனால் எதுவும் வரவில்லை

மேம்படுத்திய அன்றே இப்படி என்றால் வாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். மதர்போர்டின் 24 முனைக் கனெக்டரை மட்டும் மாட்டிவிட்டு, பிராசசருக்கு அருகில் இருக்கும் நான்கு அல்லது எட்டு முனைக் கனெக்டரை மறந்துவிட்டால் விசிறிகள் சுற்றும், பிராசசர் எழாது. அந்த எட்டு முனையும் கார்டின் எட்டு முனையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒயர்களின் வரிசை வேறு; அழுத்தி மாற்றிச் செருகக் கூடாது.

அலுவலகங்களிலிருந்து கழித்த டெல், எச்பி கணினிகளைக் கோவையில் மலிவாக வாங்கி அவற்றில் கார்டு போட நினைப்பவர்கள் பலர். இவற்றில் பல மாடல்களில் மதர்போர்டுக்கு வழக்கமான 24 முனைக்குப் பதிலாக ஆறு அல்லது எட்டு முனைக் கனெக்டரும், பெட்டிக்கு அந்த நிறுவனமே வகுத்த தனி அளவும் இருப்பதால், கடை எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முயற்சியில் இறங்காமல், தனி மின்கனெக்டரே தேவைப்படாத 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 வகைக் கார்டோடு நின்றுகொள்வதுதான் இந்தக் கணினிகளுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அதையும் வாங்குவதற்கு முன் கேபினெட்டின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான கேபினெட்டுகளில் அரை உயரக் கார்டு மட்டுமே உட்காரும்.

குறி: சுவிட்சைப் போட்டால் சிறு அசைவும் இல்லை

பின்பக்கச் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, பவர் கார்டு இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்தும் கார்டிலிருந்தும் எல்லாக் கனெக்டர்களையும் கழற்றி, 24 முனைக் கனெக்டரின் பச்சை ஒயர் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஒரு கேபினெட் விசிறியை மோலெக்ஸில் மாட்டிவிட்டு, அதன் பிறகே சுவிட்சைப் போட வேண்டும். விசிறி சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரியும். சுமை தாங்குமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. எல்லா ஒயரும் கறுப்பாக உள்ள கேபிள்களில் பச்சையைத் தேட முடியாது என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸின் கையேட்டில் உள்ள படத்தைப் பார்க்காமல் எந்தத் துளையிலும் கிளிப்பை வைக்க வேண்டாம்.

குறி: தறி ஓட்டினால், மோட்டார் போட்டால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது

சோமனூர், பல்லடம் பக்கத்தில் தறிக்குடோனை ஒட்டியே அலுவலக அறை இருக்கும். பொள்ளாச்சித் தோட்டங்களில் வீட்டு லைனும் கிணற்று மோட்டார் லைனும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும். இங்கே கார்டின் சுமைக்கும் கணினி நிற்பதற்கும் தொடர்பே இராது. பில் போடும்போதும் நிற்கும், சும்மா இருக்கும்போதும் நிற்கும். 5 எச்பி மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் அளவில் எடுத்தாலும், நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். அந்த இழுப்பில் லைனின் வோல்டேஜ் அமுங்குகிறது. டியூப்லைட் ஒருமுறை மங்குவதே அதற்குச் சாட்சி.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் முழுச் சுமையில் 16 மில்லி நொடி அளவு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி நொடி. ஆக ஒரு சுற்று முழுதாகப் போனாலே சமாளிப்பது கடினம். சுமை குறைவாக இருந்தால் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும் என்பதால், தேவைக்கு மேல் கொஞ்சம் வாட் வைத்திருப்பதற்கு இங்கே ஒரு பயன் உண்டு. ஆனால் லைன் அமுங்குவதே பழுதாக இருக்கும் இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பெரிதாக்கி மட்டும் தீர்வு காண முடியாது. லேபிளில் ‘இன்புட்’ என்ற வரியைப் பாருங்கள்: 200 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், மாலை நேரத்தில் 180க்கு இறங்கும் லைனில் அது தள்ளாடும், 100 முதல் 240 என்று இருந்தால் தாங்கும். அகன்ற இன்புட் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. ரிலே வகை ஸ்டெபிலைசர் படி மாறும்போது உண்டாகும் சிறு வெட்டு சில இடங்களில் அதுவே தொல்லையாக முடிகிறது.

கரண்ட் போய் யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில்தான் அணைகிறது என்றால், யுபிஎஸ்ஸின் அளவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மேலே கணக்கிட்ட 347 வாட் கணினி, 85 விழுக்காடு திறனுள்ள (எடுப்பதில் 85 விழுக்காட்டைக் கணினிக்குத் தந்து மீதியைச் சூடாக இழக்கும்) எஸ்எம்பிஎஸ் வழியாகச் சுவரிலிருந்து 408 வாட் எடுக்கும். மானிட்டருக்கு 30 சேர்த்தால் 438. பழைய கார்டோடு ஐந்தாண்டு சுமந்த யுபிஎஸ் புதிய கார்டோடு ஓலமிட்டு நிற்பது இதனால்தான். 600 வாட் தரும் 1 கேவிஏ யுபிஎஸ் வேண்டும். பேட்டரி பழையதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவான யுபிஎஸ் தரும் சதுர வடிவ மின்னலையோடு ஒத்துப்போவதில்லை. வாட் போதுமானதாக இருந்தும் மாறும் நொடியில் அணைந்தால் சுவர் மின்சாரம்போலவே வளைந்த அலை தரும் சைன்வேவ் யுபிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கியாவது சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விளக்குகள் திடீரென்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் கணினி, யுபிஎஸ், டிவி எல்லாவற்றின் பிளக்கையும் உடனே பிடுங்குங்கள். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். அதை எந்த வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது. மின்வாரியத்துக்குச் சொல்லிச் சரிசெய்யும் வரை எதையும் திரும்ப மாட்டக் கூடாது.

குறி: காலையில் ஓடுகிறது, பிற்பகலில் நிற்கிறது

கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் அறையின் சூடே 40 டிகிரியை எட்டும். கேபினெட்டின் உள்ளே இன்னும் கூடும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் எந்தச் சூட்டில் அளந்து சொல்லப்பட்டது என்பது இங்கே முக்கியம். நல்ல நிறுவனங்கள் 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட் தரும் என்று எழுதிக் கொடுக்கின்றன. மலிவானவை 25 டிகிரிக் கணக்கைப் பெட்டியில் அச்சிடுகின்றன, அல்லது அதைச் சொல்வதே இல்லை. ஒரே 500 வாட் ஊட்டியில் ஓடிக் கரூரில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருப்பூர், பல்லடம் பகுதிகளில் சூட்டோடு பஞ்சும் சேர்ந்துகொள்கிறது. கேபினெட்டின் அடியில் எஸ்எம்பிஎஸ் விசிறிக்குக் கீழே உள்ள வலையை இழுத்துப் பாருங்கள்: பனியன் கம்பெனி அறையில் இருந்த கணினி என்றால், வலையின் துளைகளே தெரியாதபடி வெள்ளைப் பஞ்சு கம்பளிபோல் படிந்து, உரித்தால் ஒரே தாளாக வரும். காற்று போக வழியில்லாமல் எஸ்எம்பிஎஸ் சூடேறிப் பூட்டிக்கொண்டதை வாட் குறைவு என்று எண்ணிப் புதியது வாங்கினால், அதுவும் சில மாதத்தில் அதே நிலைக்கு வரும். வலையை மாதம் ஒருமுறை உரித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புளோயரால் வெளியிலிருந்து ஊதலாம். ஊதும்போது விசிறி வெறிகொண்டு சுழலாமல் ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடியில் விசிறி உள்ள கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் ஏற்றி வையுங்கள்.

குறி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது

இது வாட் சம்பந்தப்பட்டது அல்ல, எர்த் சம்பந்தப்பட்டது. எஸ்எம்பிஎஸ்ஸின் இன்புட் வடிகட்டியில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல்தகட்டுக்கு இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் தகட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ் நிற்கும். கரண்ட் மிகச் சிறிது என்பதால் சுருக்கென்பதோடு போய்விடும். ஆனாலும் உள்ளே இன்சுலேஷன் பழுதாகியிருந்தாலும் முதலில் இதே குறிதான் தெரியும் என்பதால் அப்படியே விட்டுவிடக் கூடாது. சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்துபோன குழியில் தண்ணீர் ஊற்றினாலே அளவு இறங்குவதும் உண்டு. எர்த்தைச் சரிசெய்த பின்னும் சுருக்கென்றால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட வேண்டும்.

குறி எதுவும் இல்லை. கார்டு வாங்கப் போகிறேன், எத்தனை வாட் போடுவது

முதலில் கார்டின் பெயரை முடிவு செய்துவிட்டு, அதன் நிறுவனம் பரிந்துரைக்கும் வாட்டைப் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 550, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 650, ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 750, ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் 850. மட்டமான எஸ்எம்பிஎஸ்களையும் மனத்தில் வைத்துச் சற்றுக் கூட்டியே சொல்லப்படும் எண்கள் இவை. பிறகு உங்கள் பிராசசரின் உச்ச வாட்டை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். ஐ7-13700கே, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 253, 200, 70 சேர்த்து 523, 1.4ஆல் பெருக்கினால் 732. பரிந்துரை 650தான் என்றாலும், பிராசசர், கார்டு இரண்டையும் ஒன்றாக முழுச் சுமையில் ஓட்டும் ரெண்டர் வேலை செய்பவர் 750 எடுப்பதே சரி. விளையாட்டு மட்டும் என்றால் 650 போதும்.

‘750 போட்டா ஈபி பில் ஏறிப்போகுமுங்களே’ என்ற கேள்வி எந்தக் கடையிலும் எழும். ஏறாது. வாட் என்று அச்சிட்டிருப்பது எஸ்எம்பிஎஸ் தரக்கூடிய உச்ச அளவு; கணினி கேட்பதை மட்டுமே அது தரும். பில்லைத் தீர்மானிப்பது திறன். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரை அதைத்தான் சொல்கிறது: 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் என்றால் 85 விழுக்காடு, கோல்டு என்றால் 90. நாள் முழுக்க ரெண்டர் ஓடும் இடத்தில் கோல்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பில்லில் திரும்பி வரும். மாலையில் இரண்டு மணி நேரம் விளையாடும் வீட்டில் பிரான்ஸ் தாராளமாகப் போதும். முத்திரை திறனுக்கு மட்டுமே சான்று, உள்ளே உள்ள பாகங்களின் தரத்துக்கு அல்ல என்பதால், வாரண்டி எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள். ஐந்தாண்டுக்குக் குறைவாக வாரண்டி தரும் எஸ்எம்பிஎஸ்ஸை விலை உயர்ந்த கார்டோடு சேர்க்க எனக்கு மனம் வராது. ஒரே விலையில் 750 வாட் பெயர் தெரியாததும் 550 வாட் பெயர் பெற்றதும் கிடைத்தால், கணக்கு 550க்குள் அடங்கும் வரை இரண்டாவதே நல்லது.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி 12 வோல்ட் கட்டத்தையும், கார்டுக்கான எட்டு முனைக் கேபிள்கள் எத்தனை என்பதையும் நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாரண்டிக்கு அதுதான் கேட்கப்படும். கேபிள் தனியாகக் கழன்று வரும் மாடுலர் வகையை வாங்கினால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்றையும் புதியதில் மாட்டக் கூடாது. கார்டு பக்க முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் ஒயர்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் மாடலுக்கு மாடல் மாறும். பொருந்துகிறதே என்று மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும். ஆகவே பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றும்போதே அதன் கேபிள்கள் அத்தனையையும் கேபினெட்டிலிருந்து உருவி, அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.